பிஸ்கட்டைத் தொடாத ஆலோசகர்கள்

ஒரு பொருள் விற்கவில்லை என்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் மறுபடி விற்கும் என்றுதான் பிஸ்கட்காரர் வெகுகாலம் வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருந்தார். காரணத்துக்கு முன்னால் ஒரு சட்டகம் இருக்கிறது, சட்டகத்துக்கு முன்னால் ஓர் அணுகுமுறை இருக்கிறது, அணுகுமுறைக்கும் முன்னால் ஒரு தொடக்க விழா இருக்கிறது என்பதெல்லாம் மேலாண்மைக் கல்லூரியின் வாசலை மிதித்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் அவருடைய பேக்கரி. அவர் போடுவது ஒரே சரக்கு, வெண்ணெய் பிஸ்கட். வட்டமாக, ஓரம் பல் பல்லாக, வாயில் போட்டால் கரைகிற மாதிரி இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொல்வார்கள். அவர் சாப்பிடுவதில்லை. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து டாக்டர் அவர் வாயைக் கட்டிவிட்டார். அதனால் தினம் காலையில் அடுப்பிலிருந்து தட்டு வெளியே வந்ததும் முதல் பிஸ்கட்டை மனைவி கடித்துப் பார்ப்பாள், “ம்” என்பாள். அந்த “ம்”தான் தரச் சான்றிதழ். அது ஒருநாளும் தவறியதில்லை.

ஆனாலும் விற்பனை படுத்துவிட்டது. கடைகளுக்குப் போன பாக்கெட்டுகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. திரும்பி வந்த சரக்கு வீட்டுப் படி ஏறினால் தரித்திரம் என்று மனைவி வாசலோடு நிறுத்திவிடுவாள். கோழிப் பண்ணைக்காரர் வந்து மூட்டையாக அள்ளிப்போவார். கோழிகளிடமிருந்து இதுவரை புகார் எதுவும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மனைவியின் தம்பி பேச்சை எடுத்தான். அவன் சோப்புத்தூள் ஏஜெண்ட். நல்ல வியாபாரம். பிஸ்கட்காரரின் பழைய வேன் ஒரு மேட்டில் ஏற முடியாமல் மூச்சை விட்டபோது, “ஒரே ரோடு, ஒரே கடைங்க, எதுக்கு அத்தான் ரெண்டு வண்டி?” என்று தன் வேனிலேயே பிஸ்கட்டுக்கும் இடம் கொடுத்த பெருந்தன்மைக்காரன். அந்த உதவியை அக்காவும் தம்பியும் சாப்பாட்டு வேளைதோறும் அவருக்கு ஞாபகப்படுத்துவார்கள்.

“அத்தான், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம அடுப்ப அணைச்சிட்டு நம்ம ஏஜென்சிக்கு வந்துடுங்க. கணக்கு பாக்க நம்பிக்கையான ஆள் வேணும். உங்களுக்குன்னு தனி மேசை. ஃபேனுக்குக் கீழயே போட்டுத் தரேன்.”

“யோசிச்சுச் சொல்றேன் மச்சான்.”

“இதுல என்னங்க யோசனை?” என்றாள் மனைவி. “பள்ளிக்கூடம் திறக்கறவரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள வியாபாரம் எழுந்திரிச்சா சரி. இல்லன்னா என் தம்பி சொல்றதக் கேளுங்க.”

மச்சினனின் அலுவலக மேசைமேல் தட்டினால் ‘டிங்’ என்று ஒலிக்கும் மணி ஒன்று உண்டு. ஆள் வேண்டுமென்றால் அதைத்தான் தட்டுவான். அன்றிலிருந்து பிஸ்கட்காரர் மாவு பிசையும்போதெல்லாம் அந்த மணி அவர் காதுக்குள் அடிக்க ஆரம்பித்தது. ‘டிங். அத்தான், அந்த பில்லை எடுத்துட்டு வாங்க.’ மாவில் கை அப்படியே நின்றுவிடும்.

இந்தப் பயம்தான் அவரை மேலாண்மைக் கல்லூரிக்குத் தள்ளியது. ‘உணவுத் தொழிலில் இருக்கிறீர்களா? உங்கள் சிக்கலை எங்கள் மாணவர் அணி ஆராயும்’ என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். தீர்க்கும் என்று போடவில்லை. அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

தொடக்க விழா நடந்த அரங்கில் குளிர்சாதனம் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. துறைத் தலைவர் டை கட்டிக்கொண்டு மேடையேறி, ஒலிபெருக்கியை இருமுறை தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

“நண்பர்களே, ஆலோசனை என்பது விடை சொல்வதல்ல. விடையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நாங்கள் கேள்வியின் தரத்தை உயர்த்துகிறோம். எங்களிடம் ஆலோசனை பெற்ற நிறுவனங்களில் சில மூடப்பட்டிருக்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் ஏன் மூடப்படுகிறோம் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு மூடப்பட்டன. அந்தத் தெளிவுதான் நம் துறையின் சாதனை!”

கைதட்டல் ஓய்ந்ததும் மாணவர்கள் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். “பொருளை வாயால் அறியேன், தரவால் மட்டுமே அறிவேன்.”

பிஸ்கட்காரருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார். அவள்தான் அவருக்கு ஒதுக்கப்பட்ட அணியின் தலைவி.

“அப்படின்னா என்னம்மா?”

“நாங்க உங்க பிஸ்கட்டச் சாப்பிட மாட்டோம் சார்.”

“ஏம்மா? நல்லாத்தான் இருக்கும்.”

“அதான் சார் பிரச்சனை. நல்லா இருந்தா எங்களுக்குப் பிடிச்சுப்போயிடும். பிடிச்சுட்டா நாங்க ஆலோசகரா இருக்க முடியாது, வாடிக்கையாளரா ஆயிடுவோம். நடுநிலை போயிடும்.”

அவர் மடியில் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

மறுவாரம் அணி பேக்கரிக்கு வந்தது. மூன்று பேர். தலைவி முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மடிக்கணினியைத் திறந்தபடியே நடக்கக் கற்றிருந்த ஒரு பையன். எதைப் பார்த்தாலும் ஸ்லைடு ஆக்கிவிடுவதால் அவனை ‘ஸ்லைடு’ என்றே கூப்பிட்டார்கள். மூன்றாமவன் ஒல்லியாக, விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த முகத்தோடு இருந்தான். அவன் பெயர் ‘பசி’. யார் வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

அடுப்பிலிருந்து அப்போதுதான் தட்டு வந்திருந்தது. வெண்ணெய் மணம் தகரக் கூரையை முட்டியது. பசியின் கை தானாக நீண்டது. தலைவி அதன்மேல் ஓர் அடி போட்டாள்.

“சும்மா சூடா இருக்கான்னு பாத்தேன்,” என்றான் பசி.

“சூட்ட தெர்மாமீட்டர்ல பாரு.”

அவர்கள் அடுப்பின் நீளம், கொட்டகையின் வாசல், மனைவியின் முகபாவம் ஆகிய அனைத்தையும் படம் எடுத்தார்கள். “உங்க நிறுவனத்தோட தொலைநோக்கு என்ன சார்?” என்று தலைவி கேட்டாள். மச்சினனிடம் வேலைக்குப் போகாமல் இருப்பது என்று உண்மையைச் சொல்ல நினைத்து, மனைவி பக்கத்தில் நின்றதால், “நல்லா வரணும்மா” என்று முடித்துக்கொண்டார்.

மற்ற இருவரும் வாசலுக்குப் போனதும் பசி மட்டும் பின்தங்கினான். ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

“அங்கிள், அமிர்தம்! இதுல ஒரு குறையும் இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மார்க்க வெட்டிடுவாங்க.”

பிஸ்கட்காரருக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறு பக்கம் கிலி. குறை பிஸ்கட்டில் இல்லை என்றால் வேறு எங்கே?

குறை வாடிக்கையாளரில் இருப்பதாக அணி கண்டுபிடித்தது. அவருக்குச் சரியான வாடிக்கையாளர் இல்லையாம். ஆகவே ஒருத்தியை உருவாக்கினார்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவள். காலையில் நடைப்பயிற்சி போகிறவள். வீட்டில் ஒரு செடி வளர்க்கிறாள். தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளும் தருணத்தில் மட்டும் பிஸ்கட் சாப்பிடுகிறவள். ஸ்லைடு எங்கிருந்தோ அவளுக்கு ஒரு புகைப்படமும் கண்டுபிடித்து, பெரிதாக அச்சடித்து, “தினமும் இவங்களப் பாத்துக்கிட்டே வேலை செய்யுங்க சார்” என்று கொடுத்துவிட்டுப் போனான். அவர் பயபக்தியோடு கொட்டகைச் சுவரில் ஒட்டினார்.

மனைவி பார்த்தாள்.

“யாருங்க இவ?”

“நம்ம வாடிக்கையாளர்.”

“நம்ம தெருவுல, பக்கத்துத் தெருவுல எங்கயும் நான் இவளப் பாத்ததில்லையே?”

“அவ இன்னும் வரல.”

“வராதவள எதுக்குங்க சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க? அதுவும் அடுப்புக்கு நேரா? தினம் இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் மாவு பிசையறீங்களா?”

“காலேஜ்ல சொன்னாங்கம்மா.”

“காலேஜ்ல சொல்லுவாங்க. அவங்களுக்கு என்ன, வீட்டுக்காரி கேள்வி கேக்கவா போறா?”

புகைப்படம் அன்று மாலையே மாவுச் சல்லடைக்கு மூடியானது.

அடுத்தது சர்வே. நானூறு பேரிடம் கருத்துக் கேட்கப்போவதாகத் தலைவி சொன்னபோது அவருக்கு மெய்சிலிர்த்தது. நானூறு பேர்! தாங்களும் வந்து பார்க்கலாம் என்றாள். வெயிலில் ஊர் சுற்ற வேண்டியிருக்குமே என்று குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போனார். அணி கல்லூரி கேண்டீனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. எதிரே பழச்சாறு ஆய்வு செய்யும் அணி. பக்கத்து மேசையில் நூடுல்ஸ் அணி. எல்லோரும் கைபேசியில் அடுத்த அணியின் சர்வே படிவத்தைத் திறந்து, குனிந்து விரல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்களுக்கு இன்னும் பெரியவங்க பத்தல. கொஞ்சம் அறுபது வயசாகுங்களேன்,” என்றாள் தலைவி பழச்சாறு அணியைப் பார்த்து.

“இப்பத்தான் உனக்காக ரெண்டு புள்ளைக்கு அம்மாவா இருந்துட்டு வரேன். கொஞ்சம் மூச்சு விட விடு,” என்றான் அங்கே இருந்த ஒரு தாடிக்காரன். “எங்க ஜூஸுக்கு நீ விவசாயி ஆறேன்னியே, ஆனியா?”

“ஆயிட்டேன். இனிப்பு தூக்கலா இருக்குன்னு போட்டிருக்கேன்.”

பிஸ்கட்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே போனார்.

“இவங்க எல்லாம் என் பிஸ்கட்டச் சாப்பிட்டிருக்காங்களாம்மா?”

“இல்ல சார். அதனாலதான் அவங்க கருத்துல கலப்படமே இல்ல.”

“அப்ப இவங்க ஜூஸ நீங்க குடிச்சீங்களா?”

“ஜூஸ் இன்னும் தயாரிக்கவே இல்ல சார். அதனால அவங்களுக்கு எங்கள விடச் சுத்தமான தரவு கிடைக்கும்,” என்றாள். அவள் குரலில் லேசான பொறாமை இருந்தது.

முழுக்க முழுக்கக் கேண்டீனிலேயே ஆய்வை முடித்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பழி. கள ஆய்வு என்று ஒன்றும் இருந்தது. ஒருநாள் மூவரும் மளிகைக் கடை ஒன்றுக்குப் போனார்கள். பிஸ்கட் போடுகிறவரே பக்கத்தில் நின்றால் பதில்கள் கூச்சப்படும் என்று அவரை எதிர்ச் சாரியில், ஒரு மூடிய கடையின் படியில் உட்காரவைத்தார்கள். மளிகைக் கடையின் கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா வந்தாள். அவருடைய பாக்கெட்டைக் காட்டித் தலைவி ஏதோ கேட்டாள். அந்த அம்மா மூக்கைச் சுருக்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். தலைவி முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

“தங்கமான பதில் ஒண்ணு கிடைச்சிருக்கு சார்!”

“என்னம்மா சொன்னாங்க?”

“இப்ப சொல்லக் கூடாது சார். பதில் சொன்னவங்களோட ரகசியத்த நாங்க காப்பாத்தணும். இறுதி அரங்கேற்றத்துல ஸ்லைடுல வரும்.”

இறுதி அரங்கேற்றம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் வந்தது. மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மச்சினனும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். “எப்படியும் இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும். மேசைய நேத்தே துடைச்சு வச்சிட்டேன் அத்தான்,” என்று அன்பாகச் சொன்னான். மேடையில் அவருடைய பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கோபுரமாக அடுக்கி, ‘காட்சிக்கு மட்டும்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். உண்மையான சந்தையைக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கடைகளிலிருந்தே வாங்கிவந்த பாக்கெட்டுகள்.

தலைவி பேசினாள், ஸ்லைடு பொத்தானை அமுக்கினான். பிஸ்கட் வட்டமாக இருக்கக் கூடாது. வட்டம் முடிவே இல்லாத தயக்கத்தின் அடையாளம். ஆறு மூலையாக வெட்ட வேண்டும். பெயரை மாற்ற வேண்டும். விலையை ஏற்ற வேண்டும். சற்றுத் தள்ளி வேறொரு ஸ்லைடில், விலையை இறக்க வேண்டும். பிஸ்கட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆறு மூலை அச்சுக்கு எங்கே போவது என்ற கவலையினூடே, ‘டிங்’ என்று அந்த மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு துறைத் தலைவர் நிறைவுரைக்கு எழுந்தார். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருந்தது. பேசிப் பேசி அவருக்கே வயிறு ஒட்டிவிட்டது.

“சுவை என்பது என்ன? அது ஒரு வதந்தி! நாக்கு பொய் சொல்லும். நாற்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். நான் ஆராய்ந்த எந்த உணவையும் சாப்பிட்டதில்லை. அதனால்தான் அவற்றைப் பற்றி இவ்வளவு தைரியமாக என்னால் பேச முடிகிறது. நுகர்வோர் என்ன செய்கிறார்? இதோ, இப்படிக் கை நீட்டுகிறார்…”

விளக்குவதற்காகக் கோபுரத்திலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார்.

“…பிரிக்கிறார்…”

பிரித்தார்.

“…அந்த ஒரு கணத்தில்…”

பேச்சு வேகத்திலா, பசி வேகத்திலா தெரியவில்லை, கடித்துவிட்டார்.

துறைத் தலைவரின் தாடை இரண்டு முறை அசைந்து நின்றது. அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். பிறகு உறுதிமொழியை எல்லாம் மறந்து, வீட்டுப் பேச்சிலேயே கேட்டார்.

“என்னம்மா இது? துணி ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கு?”

“அதேதான் சார்!” தலைவி துள்ளினாள். “கடையில ஒரு அம்மாகிட்ட, ‘இந்த பிஸ்கட்டப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது’ன்னு கேட்டோம். ‘எங்க வீட்டுக் குளியலறை’ன்னாங்க. அத ‘சுத்தம்’ங்கற தலைப்புல சேத்திருக்கோம். இந்த பிராண்டோட பெரிய பலமே அதுதான் சார். ஸ்லைடு, அத போடு!”

திரையில் ‘சுத்தம்: நம் பலம்’ என்று நீல எழுத்தில் வந்து நின்றது.

மனைவிதான் எழுந்தாள். யாரையும் கேட்காமல் மேடை ஏறினாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து மோந்தாள், கடித்தாள். தினம் அடுப்படியில் வருகிற “ம்” வரவில்லை. மெதுவாகத் திரும்பி முன்வரிசையைப் பார்த்தாள்.

“டேய்.”

“என்னக்கா?”

“எலுமிச்சையா?”

மச்சினன் எழுந்து வந்து மோந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“நம்ம எலுமிச்சை சோப்புத்தூளேதான்க்கா! பாத்தியா, காகிதத்தத் தாண்டி, வெண்ணெய்க்குள்ள இறங்கியும் வாசனை போகல. இதத்தான் நான் கடைக்காரங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒருத்தனும் நம்பல!”

இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து மாணவர்கள் கைதட்டினார்கள். பிஸ்கட்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “வேன்,” என்றார். அவர் காதுக்குள் மணி நின்றுவிட்டிருந்தது.

கல்லூரி இதை லேசில் விடவில்லை. ஆய்வுப் பொருளை ஒருவர் சாப்பிட்டது விதிமீறல். துறைத் தலைவர் தன்மீது தானே புகார் கொடுத்து, தானே விசாரித்து, சம்பந்தப்பட்டவர் ஆலோசகராகச் சாப்பிடவில்லை, பசித்தவராகத்தான் சாப்பிட்டார் என்று தன்னைக் கண்ணியமாக விடுவித்துக்கொண்டார். ஆனால் விடை மேடையிலேயே, முறையற்ற வழியில் தெரிந்துபோனதால் அணிக்கு மதிப்பெண் குறைந்தது. முதல் பரிசு பழச்சாறு அணிக்குப் போனது. அவர்கள் ஆய்வில் எந்தச் சுவையும் குறுக்கிடவில்லை என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

பிஸ்கட்காரர் பழைய வேனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டுபோய் உயிர் கொடுத்தார். அது மேடுகளில் முனகியது, ஆனால் ஏறியது. பள்ளிக்கூடம் திறந்தது; மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று அம்மாக்கள் பாக்கெட்டைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். சுவரில் ஒட்ட வேண்டிய முகம் ஒன்றுகூட அவர்களிடையே இல்லை. கோழிப் பண்ணைக்காரர் வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்த வருடக் கல்லூரி விளம்பரத்தில் அவருடைய படம் வந்தது. ‘வட்டத்திலிருந்து வளர்ச்சிக்கு: எங்கள் ஆலோசனையின் வெற்றி.’ அவர் தலைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, நான் இன்னும் வட்டமாத்தானே போடறேன்?”

“ஆலோசனைய ஏத்துக்காம ஜெயிக்கறதும் ஒரு வகை அமலாக்கம்தான் சார். அதுக்குன்னு தனிப் பாடமே இருக்கு.”

இதெல்லாம் ஆறி அடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் மச்சினன் கொட்டகைக்கு வந்தான். வழக்கமாக வாசலில் நின்றே குரல் கொடுப்பவன், அன்று உள்ளே வந்து ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

“அத்தான், சோப்பு சரியாப் போகல.”

“ஏன் மச்சான்?”

“தெரியல. முன்ன துணியில ஒரு வெண்ணெய் வாசனை வருமாம், புள்ளைங்க சட்டைய மோந்து மோந்து பாக்குமாம், இப்ப அது இல்லன்னு ரெண்டு வீட்டுல சொன்னாங்க. காலேஜ்லேர்ந்து ஒரு டீம் போட்டிருக்காங்க. மூணு பேரு. வந்ததுலேர்ந்து கை கழுவ மாட்டேங்கறாங்க அத்தான், நடுநிலை போயிடுமாம்.”

“என்ன சொல்றாங்க?”

“சோப்புத்தூள் பாக்கெட்ட ஆறு மூலையா ஆக்கச் சொல்றாங்க.” மச்சினன் தரையைப் பார்த்தான். “நான் என்ன நினைக்கறேன்னா… பழையபடி ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்திட்டா என்ன?”

அடுப்படியில் நின்ற மனைவி சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். தம்பிக்கு முடியாது என்று சொல்வதும் கஷ்டம், சரி என்று சொல்வதும் கஷ்டம் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. பிஸ்கட்காரர் அவசரப்படவில்லை. கையிலிருந்த மாவைத் தட்டினார், துண்டால் துடைத்தார், கல்லூரியில் தான் பெற்ற கல்வி முழுவதையும் ஒன்றுதிரட்டிக்கொண்டார்.

“தாராளமா ஏத்தலாம் மச்சான்,” என்றார். “அதுக்கு முன்னாடி ஒரு தொடக்க விழா வைக்கணும்.”